பெயர் மிக நீளம்

நாலே நாலு எழுத்தில் ஒரு பெயர். அதைப் பார்த்து ஒரு கணினி "பெயர் மிக நீளம்" என்று சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அதிலும் அந்தப் பெயர் நான் பெற்ற மகளுடையது. அந்தக் கணினியில் ஓடும் நிரலோ நான் சம்பளம் வாங்கும் கம்பெனியுடையது. யார் சட்டையைப் பிடித்து நான் நியாயம் கேட்பது, சொல்லுங்கள்.

ஜனவரிக் கடைசியில் வட நார்வேயின் ஆல்டாவில் பனிச்சறுக்கு ஓட்டம் நடந்தது. பதினைந்து வயதுப் பெண்கள், ஐந்து கிலோமீட்டர். இந்தக் குளிர்காலத்தில் இரண்டே ஓட்டங்கள்தான். இரண்டில் ஒன்றிலாவது முதல் எட்டுக்குள் வந்தால் மாகாண அணியில் இடம். என் மகள் இங்கா இரண்டு வருஷமாக இதற்காகத்தான் சாப்பிடுகிறாள், இதற்காகத்தான் தூங்குகிறாள். பனி இல்லாத கோடையிலும் சக்கரம் வைத்த ஸ்கீயைக் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓடி, முட்டியெல்லாம் தோல் உரிந்து வந்து நிற்பாள். அவள் அப்பா வட கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறான். பாதி மாதம் வீட்டிலேயே இருக்க மாட்டான். கார் ஓட்டுவது, ஸ்கீக்கு மெழுகு தேய்ப்பது, திட்டு வாங்குவது எல்லாம் நான்தான்.

அன்று முடிவுக் கோட்டருகே நின்று என் கடிகாரத்தில் கணக்குப் பார்த்தேன். நாலாவது. சந்தேகமே இல்லை. வியர்வை உறைவதற்குள் உடை மாற்ற வேண்டுமே என்று அவளைக் காருக்கு இழுத்துக்கொண்டு போனேன். சூடான பழச்சாறு குடித்து, ஆரஞ்சு உரித்துத் தின்று, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். முடிவுகளைக் காட்டும் மின்பலகையில் நாலாவது இடத்தில் வேறு யாரோ ஒருத்தி. எட்டு வரை பார்த்தோம், இருபது வரை பார்த்தோம், கடைசி வரை பார்த்தோம். இங்காவைக் காணவில்லை. ஓட்டத்துக்கே வராதவள் மாதிரி சுத்தமாகத் துடைத்துப் போட்டிருந்தது.

நடுவர் ஒட்வரிடம் ஓடினேன். நல்ல மனிதன், எங்கள் தெருவில்தான் இருக்கிறான்.

"ஆட்சேபம் சொல்ல கால் மணி நேரம்தான் குன்வோர். அது முடிஞ்சு போச்சு. கையெழுத்தும் போட்டுட்டேன்."

"அவ நாலாவதா வந்தா ஒட்வர். நீ பக்கத்துலதானே நின்னே? கண்ணு இல்லியா உனக்கு?"

"கண்ணு இருக்கு. பார்த்தேன். ஆனா பலகையில இல்லாத நேரத்துக்கு நான் எப்படி இடம் குடுக்கிறது? மிச்ச அம்மாக்கள் எல்லாம் என்னைச் சும்மா விடுவாங்களா?" என்றவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிஷின் உங்க கம்பெனியோடதுதானே? அடுத்த ஓட்டத்துக்குள்ள அதைச் சரி பண்ணு, போ" என்றான்.

நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது.

காரில் வரும்போது இங்கா ஆரஞ்சுத் தோலை நகத்தால் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் பேசினாள்.

"அந்த வால்தானேம்மா?"

"எந்த வால்?"

"என் பேர்ல இருக்கிற வால்."

அவள் பெயரை Iŋgá என்று எழுத வேண்டும். இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். n என்ற எழுத்துக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். மூக்கில் போய் முடியும் 'ங்' ஒலிக்கான எழுத்து அது. கலைமான் மேய்ப்பவர்களும் எங்கள் கடற்கரை மீனவர்களும் பேசிய சாமி என்ற பழங்குடி மொழியின் எழுத்து. என் அப்பா வழி அந்தக் கடற்கரைக் குடும்பம்தான். ஆனால் என் தாத்தா காலத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசவிடாமல் செய்தார்கள். பிறகு வீட்டிலும் நின்றுபோனது. அப்பாவுக்கு ஐந்தாறு வார்த்தை தெரியும், அதில் பாதி வசவு. எனக்கு அதுவும் இல்லை. மகள் பிறந்தபோது என் அப்பாவின் அத்தை பெயரை நார்வே எழுத்தில் Inga என்று வைத்தோம். அவள் பள்ளியில் சாமி மொழியை எடுத்துப் படித்தாள். பதினாலு வயதில், அத்தைப் பாட்டியின் பெயரை அத்தைப் பாட்டியின் மொழியில் எழுதுகிறேன் என்று சொல்லி, முறைப்படி விண்ணப்பித்து மாற்றிக்கொண்டாள். அரசாங்கம் எழுதிவிட்டது. வங்கி எழுதிவிட்டது. பஸ் அட்டையில்கூட வாலோடு வந்துவிட்டது. அம்மாவின் கம்பெனிக்கு மட்டும் எழுத வரவில்லை.

திங்கட்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, அது என்ன உளறியிருக்கிறது என்று பார்த்தேன். Iŋgá Vik என்ற பெயருக்கு எதிரே ஒரே வரி: "பெயர் மிக நீளம், விடப்பட்டது." Anne-Kristine Østensjø Fjellstad என்ற புண்ணியவதி எந்தக் குறையும் இல்லாமல் பலகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். என் மகள் நீளமாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு காப்பி நேரம்கூட ஆகவில்லை. நிரலின் உள்ளே ஒவ்வொரு எழுத்துக்கும் அகலமாக ஒரே அளவில் இடம் ஒதுக்கியிருக்கும்; எந்த ஊர் எழுத்தும் அதில் தாராளமாக உட்காரும். ஆனால் பலகைக்கு அனுப்பும்போது அந்த அகல எழுத்துகளைச் சின்னச் சின்ன பைட்டுகளாக மாற்ற வேண்டும். நிரல் எழுதும் சி மொழியில் அதற்கென்றே wcstombs என்று ஒரு கட்டளை இருக்கிறது. வாயில் நுழையாத பெயர் என்பதால் ஆபீசில் நாங்கள் அதை 'தோம்ப்ஸ்' என்போம். எந்த ஊர் வழக்கப்படி மாற்றுவது என்று தோம்ப்ஸுக்கு முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவைக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்பு இந்த நிரலை எழுதியபோது எங்கள் முதலாளி தோர்பியோர்ன் சொல்லிவைத்தது, பழைய மேற்கு ஐரோப்பிய வழக்கம். அதில் நார்வேக்காரர்களின் æ உண்டு, ø உண்டு, å உண்டு. ŋ கிடையாது.

தெரியாத எழுத்து வந்தால் தோம்ப்ஸ் யோக்கியமாகத்தான் நடந்துகொள்கிறது. "என்னால் முடியவில்லை" என்று சொல்லும் விதமாகக் கழித்தல் ஒன்று என்ற விடையைத் தருகிறது. ஆனால் அந்த விடையை வாங்கி வைக்கும் இடத்துக்குக் கழித்தல் குறி என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே கழித்தல் ஒன்று போய் விழுந்தால், அந்த இடம் கொள்ளும் எண்களிலேயே மிகப் பெரிய எண்ணாக மாறிவிடும். அடுத்த வரியில் தோர்பியோர்ன் என்ன எழுதியிருக்கிறான்? விடை இவ்வளவுக்கு மேல் போனால் பெயர் நீளம், விட்டுவிடு. அவ்வளவுதான். எழுதத் தெரியாதது கணினிக்கு, பழி விழுந்தது என் மகளின் பெயர் மேல்.

தோர்பியோர்ன் வந்தான். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை மென்றுகொண்டே என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான்.

"அப்படி நடக்க வாய்ப்பே இல்ல. நான் அன்னிக்கே சோதிச்சுப் பார்த்தாச்சு. blåbærsyltetøy போட்டேனே! அழகா வந்துதே!"

ப்ளூபெரி ஜாம் என்று அர்த்தம். எங்கள் மூன்று விசேஷ எழுத்துகளும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. அதனால் இந்த நாட்டில் நிரல் எழுதுகிற எவனும் முதலில் தட்டிப் பார்ப்பது ஜாமைத்தான். ஜாம் ஒழுங்காக வந்துவிட்டால் உலகத்து எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்துவிட்ட திருப்தியில் எழுந்து போய்விடுவான். நானும் எத்தனையோ இடத்தில் ஜாம் தட்டியவள்தான். அன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் வயிறு எரிந்தது.

"ஜாம் வந்துது தோர்பியோர்ன். என் பொண்ணு வரல."

"ஒரு எழுத்துதானே? Inga-ன்னு பதிவு பண்ணிடு. வாலை மட்டும் வெட்டினா போதும். காதால கேக்கிறதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்ப உன் பேர்ல இருக்கிற ø-வையும் o-ன்னு எழுதட்டுமா? அந்தக் குறுக்குக் கோடு எதுக்கு, எடுத்துடறேன்."

"அது வேற எழுத்தும்மா!" என்றான் நிஜமாகவே அதிர்ச்சியடைந்து.

ரொட்டியைப் பிடுங்கி எறியாமல் விட்டதே பெரிசு.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டில் நானும் அதே பாட்டைத்தான் பாடினேன். வேறு என்ன செய்வது? ஓட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்தப் பழைய நிரலில் ஒரு செங்கல்லை உருவினால் எது எது விழும் என்று எனக்குத்தான் தெரியும்.

"இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும்டீ. அப்புறம் மாத்திக்கலாம்."

மீன் வறுவலைக் கிளறிக்கொண்டிருந்தவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "கொள்ளுத்தாத்தாகிட்டயும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க? 'பள்ளிக்கூடத்துல மட்டும்'னு. அப்புறம் யாராவது மாத்தினீங்களா?"

"இப்ப உனக்கு அணி வேணுமா, வால் வேணுமா?"

"ரெண்டும் வேணும். பலகையில என் பேர் வராதுன்னா நான் கிளம்பவே மாட்டேன். நீயே போய் ஓடிக்கோ."

அறைக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சுவரில் மாட்டியிருந்த ஸ்கீக் கம்பு ஒன்று கழன்று விழுந்தது. இவள் சொன்னால் செய்கிறவள். பிடிவாதத்தில் என்னைப் போலவே இருக்கிறாளே என்று ஒரு பக்கம் எரிச்சல். கிளம்ப மாட்டாள், அணி போய்விடும், இரண்டு வருஷத்து வியர்வையும் போய்விடும் என்று இன்னொரு பக்கம் நடுக்கம்.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். முதலில் எனக்கும் சுலபமாகத்தான் பட்டது. தோம்ப்ஸுக்குச் சொல்லிவைத்த பழைய வழக்கத்தை மாற்றி, எல்லா எழுத்தும் அடங்கிய புதிய வழக்கத்தைச் சொன்னால் தீர்ந்தது. ஒரே வரி. மாற்றினேன். Iŋgá சமர்த்தாக மாறினாள். நீளம் என்ற பேச்சே இல்லை. நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

பலகையைப் பராமரிக்கிற ஓஸ்ஹில் பக்கத்து அறையிலிருந்து கத்தினாள். "ஏய் குன்வோர், என்ன பண்ணித் தொலைச்சே? எல்லார் பேரும் பேய் பிடிச்ச மாதிரி வருது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சோதனைப் பலகையில் Torbjørn இருந்த இடத்தில் TorbjÃ¸rn. ஓஸ்ஹிலின் பெயர் Åshild இருந்த இடத்தில் வாந்தி எடுத்த மாதிரி ஏதோ. புதிய வழக்கத்தில் ஒரு எழுத்து இரண்டு பைட்டாகவும் போகும், மூன்றாகவும் போகும். ஆனால் இந்தப் பலகை பழைய ஆள். ஒரு பைட்டுக்கு ஒரு படம் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இரண்டு பைட் வந்தால் இரண்டு எழுத்தாகப் போட்டுக் குதறிவிடும். போதாக்குறைக்கு, எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில்தான் தோர்பியோர்ன் இடம் ஒதுக்கியிருந்தான். நீளமான பெயர்களெல்லாம் இடம் போதாமல் வாலில் வெட்டுப்பட்டு நின்றன. அந்த அன்னே-கிறிஸ்டினே புண்ணியவதியின் பெயரில் கடைசி எழுத்தே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒருத்தர் பேரும் சரியா இல்ல. எல்லாரும் சமம்" என்றாள் ஓஸ்ஹில்.

"சிரிக்காதே. எனக்கு அழுகையா வருது."

"பலகை பழசுடீ. புதுசு வாங்கச் சொல்லி நானும் மூணு வருஷமாக் கத்தறேன். யார் கேக்கறாங்க?"

இப்படியே அந்த வாரம் போனது. இடத்தைக் கூட்டினேன், வேறு எங்கோ நேரம் தப்பாக வந்தது. அதைச் சரிசெய்தேன், அச்சுப் பொறி நின்றுபோனது. ஒன்றை இழுத்தால் ஒன்பது வந்தது. சி மொழியைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாரையும் மனதுக்குள் திட்டினேன். அவர்கள் ஆங்கிலம் மட்டும் எழுதிப் பழகியவர்கள். எழுத்தென்றால் இருபத்தாறு, முடிந்தது விஷயம். மற்ற உலகம் பிற்பாடு வந்து வாசலில் நிற்க, சரி வாருங்கள் என்று சேர்த்துக்கொண்ட ஒட்டுவேலைதான் இந்த அகலம், குறுகல் எல்லாம். வீட்டுக்குப் போனால் இங்கா ஒன்றும் கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கீயை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்விடுவாள். திட்டினாலாவது தேவலை.

கடைசியில் வழி சொன்னவள் ஓஸ்ஹில்தான். பலகையில் எட்டுக் காலி இடங்கள் இருக்கின்றனவாம். ஏதாவது கடையின் சின்னத்தைப் போட என்று விட்டுவைத்தது. புள்ளி புள்ளியாக நாமே ஒரு படத்தை வரைந்து அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

"ஒரு இடத்துல உன் வாலை வரைஞ்சுக்கோ" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுபடியும் பழைய வழக்கத்துக்கே திரும்பினேன். ஆனால் பெயரை மொத்தமாகத் தோம்ப்ஸிடம் கொடுக்காமல், ஒவ்வொரு எழுத்தாக மாற்றினேன். மாறினால் அனுப்பு. முடியவில்லை என்று கழித்தல் ஒன்று வந்தால், அதை முடியவில்லை என்றே புரிந்துகொண்டு, நம் கையில் படம் இருக்கிறதா பார். இருந்தால் அந்தக் காலி இடத்தின் எண்ணை அனுப்பு. சின்ன வேலைதான். எழுதி முடித்தபோது அப்பாடா என்றிருந்தது.

தோர்பியோர்ன் குறுக்கே வந்து நின்றான்.

"ஓட்டம் சனிக்கிழமை. இப்பப் போய் அடிமடியில கை வைக்காதே குன்வோர். பழசு ஓடிக்கிட்டு இருக்கு. ஓடட்டும்."

"யாருக்கு ஓடுது?"

"நூத்தி இருபது பிள்ளைங்களுக்கு ஓடுது. ஒரு பிள்ளைக்காக மிச்சப் பேரை நான் பணயம் வைக்க முடியாது. வசந்த காலத்துல பார்ப்போம். இந்தத் தடவை வாலை வெட்டிடு. ரொம்ப நீட்டிக்கிட்டே போறே நீ."

நீட்டிக்கொண்டே போகிறேனாம். அந்த வார்த்தை போதுமாக இருந்தது. நான் என் இடத்துக்குப் போனேன். பழைய நிரலில், எந்த ஊர் வழக்கம் என்று சொல்லும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் தோம்ப்ஸ் ஆங்கிலத்தின் வெறும் எழுத்துகளோடு நின்றுவிடும். Ø-வும் அதற்குத் தெரியாது.

"தோர்பியோர்ன், இங்க வா. இது நீ எழுதினதுதான். ஒரே ஒரு வரி குறைச்சிருக்கேன். உன் பேரைத் தட்டு."

தட்டினான். திரையில் வந்தது: பெயர் மிக நீளம், விடப்பட்டது.

மறுபடி தட்டினான். அதேதான். "இது என்ன கூத்து? எட்டு எழுத்துதானே?"

"ரொம்ப நீளமா இருக்காம். கொஞ்சம் சுருக்கிக்கோயேன். அப்பா அம்மா எதுக்கு இப்படி வச்சாங்க?"

ஓஸ்ஹில் எட்டிப் பார்த்துத் தன் பெயரைத் தட்டினாள். அதுவும் நீளம். "ஜாமைப் போடு, ஜாமைப் போடு" என்று குதித்தாள். ஜாமும் நீளம்.

தோர்பியோர்ன் சிரிக்கவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றான். காது மடல் சிவந்துபோயிருந்தது. "எனக்கு எரிச்சலா வருது" என்றான்.

"ஒரு நிமிஷம்தான் ஆச்சு. அதுக்குள்ளயா?"

"சரி, நீ எழுதினதைப் போடு. ஆனா ஓட்டத்தன்னிக்கு நேரம் பார்க்கிற கூடாரத்துல உன் பக்கத்துலயே நானும் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. அது போதும் எனக்கு.

அன்று மத்தியானமே அந்த எழுத்தை வரைந்தேன். அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் எட்டு. n என்ற எழுத்தின் வளைவு, இரண்டு கால், கீழே ஒரு கொக்கி. ஒவ்வொரு வரிசைப் புள்ளியையும் ஓர் எண்ணாக்கிப் பலகைக்கு ஏற்றினோம். சோதனைப் பலகையில் சிவப்புப் புள்ளிகளாக அது எரிந்தபோது மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

"அழகா இருக்குடீ" என்றாள் ஓஸ்ஹில்.

"ஆமா, நல்லா வந்திருக்கு" என்றான் தோர்பியோர்ன்கூட.

வீட்டுக்குப் போனதும் இங்காவிடம் சொன்னேன்.

"உன் பேர் உன் பேராவே வரும்."

"வாலோட?"

"வாலோட."

"சத்தியமா?"

"சத்தியமா. வரலேன்னா அந்தப் பலகையை நானே உடைச்சுப் போட்டுடறேன்."

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். ஸ்கீயை எடுத்துவந்து மேஜை மேல் போட்டு, "மெழுகு நீ தேய்ச்சாத்தான் நல்லா வழுக்கும்" என்றாள். நான் தேய்த்தேன்.

சனிக்கிழமை நல்ல குளிர். மூக்கு மயிர் உறைந்து குத்தியது. கூடாரத்துக்கு வெளியே யாரோ வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் தடவ ஒரு வாளி நிறைய ப்ளூபெரி ஜாம். தோர்பியோர்ன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அரை நிமிஷத்துக்கு ஒருத்தியாகப் பெண்கள் கிளம்பினார்கள். இங்கா கிளம்பியபோது என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் பதினோராவது என்று வந்தது. பக்கத்தில் தோர்பியோர்ன் என்னைவிட வேகமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கடைசி ஏற்றத்தில் அவளுடைய சிவப்புத் தொப்பி தெரிந்ததும் நான் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன். "ஏறுடீ! ஏறு! விடாதே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவள் பனியில் மல்லாந்து விழுந்தாள்.

பலகை ஒரு கணம் சும்மா இருந்தது. அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிரே இல்லை. பிறகு பெயர்கள் ஒவ்வொரு வரி கீழே இறங்கி இடம் விட்டன. ஏழாவது இடத்தில் வந்து நின்றது: Iŋgá Vik. பக்கத்தில் நேரம்.

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வர வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியும் வரும்போது நான் அந்தப் பிள்ளைகள் மேல் சாபம் விடாத குறை. கடைசிப் பெண்ணும் வந்தாள். ஏழாவது ஏழாவதாகவே நின்றது. ஒட்வர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். தோர்பியோர்ன் கூடாரத்திலிருந்து ஓடிவந்து, "வந்துடுச்சு பார்த்தியா, வந்துடுச்சு!" என்று என் முதுகில் அடித்தான், ஏதோ அவன் பெற்ற பிள்ளை மாதிரி.

நான் பனியில் முட்டிபோட்டு இங்காவைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம், அவள் கண்ணிமையில் பனி ஒட்டியிருந்தது. அணி கிடைத்துவிட்டது. வாலும் வந்துவிட்டது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

அவள் என் தோளுக்கு மேலாகப் பலகையைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் நின்றது. கண்ணைச் சுருக்கினாள்.

"அம்மா."

"என்னடா?"

"வால் தப்பான கால்ல தொங்குது."

திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. n-க்கு ஒரு வால் இருந்தது. இருக்கத்தானே வேண்டும்?

"வலது கால்லேர்ந்து கீழ இறங்கி உள்பக்கமா வளையணும்மா. இது இடது கால்ல தொங்குது. கண்ணாடியில பார்க்கிற மாதிரி இருக்கு." ஸ்கீக் கம்பால் பனியில் போட்டுக் காட்டினாள். ஒரே இழுப்பில், யோசிக்காமல்.

அப்போதுதான் புரிந்தது. புள்ளிகளை நான் இடமிருந்து எண்ணியிருக்கிறேன். பலகை வலமிருந்து வாங்கியிருக்கிறது. வளைவும் கால்களும் எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது வால் மட்டும்.

கூடாரத்துக்குள் ஓடினேன். பையன்களின் ஓட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. தோர்பியோர்ன் இரண்டு கையாலும் விசைப்பலகையை மூடிக்கொண்டான்.

"தொட்டே, கொன்னுடுவேன். ஓட்டம் நடந்துக்கிட்டு இருக்கு."

"வால் திரும்பிப் போச்சு தோர்பியோர்ன்!"

"எந்தப் பக்கம்?" என்று கழுத்தை நீட்டிப் பலகையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரியாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

திரும்பி வந்து இங்கா பக்கத்தில் நின்றேன். யாரோ கொடுத்த வாஃபிளைத் தின்றுகொண்டிருந்தாள். வாய் ஓரமெல்லாம் ஜாம்.

"இன்னிக்கு மாத்த முடியாதாம்" என்றேன்.

"விடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னாள். "உனக்கே தெரியலியே."

தோழிகள் கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டாள்.

அந்த எழுத்தை ஒரு வாரமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதற்காக முதலாளியோடு சண்டை போட்டேன், மகளோடு சண்டை போட்டேன், அதன் ஒவ்வொரு புள்ளியையும் என் கையால் வைத்தேன். ஆனால் எனக்கு அது ஒரு n, அதற்கு ஒரு வால், அவ்வளவுதான். எந்தக் காலில் என்று பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. யார் மேலென்று தெரியாமல் கோபமும் வந்தது. தோர்பியோர்ன் மேலா, பலகை மேலா, தாத்தாவின் பள்ளிக்கூடத்து வாத்தியார் மேலா, ஐந்தாறு வசவோடு நிறுத்திக்கொண்ட என் அப்பா மேலா.

அவள் பனியில் எழுதிவிட்டுப் போனது காலடியில் இருந்தது. பையன்கள் ஓட்டம் முடிய இன்னும் வெகு நேரம் ஆகும். அதுவரை மேலே, ஏழாவது இடத்தில், அது தப்பான காலோடு எரிந்துகொண்டிருந்தது. நான் கீழே பார்ப்பதும் மேலே பார்ப்பதுமாக நின்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் எழுதியதற்குப் பக்கத்தில் விரலால் ஒன்று எழுதினேன். வால் கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.